ஆயுளுக்கு ஈடாக எதைக் கொடுக்கலாம்?

வாய்ப்புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற நூறு பேரில் ஐந்தாண்டுக்குப் பின் எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்வது, பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கும் எந்த மருத்துவமனைக்கும் கைவந்த வேலை. அவர்களுள் எத்தனை பேர் சோற்றை மென்று விழுங்குகிறார்கள், எத்தனை பேரின் பேச்சு அடுத்த வீட்டாருக்குப் புரிகிறது, எத்தனை பேர் மீண்டும் வேலைக்குப் போனார்கள் என்பவற்றையும் சற்றுக் கூடுதலாக உழைத்தால் எண்ணிவிடலாம். ஆனால் இந்த விளைவுகளுள் எது பெரிது, ஒன்றைப் பெறுவதற்காக இன்னொன்றில் எவ்வளவை இழக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை எண்ணுபவருக்கு இல்லை. அது நோயைச் சுமப்பவரிடம் கேட்டே அறிய வேண்டியது. அப்படிக் கேட்பதற்கும், கிடைத்த விடைகளை எண்ணாக்கி ஒப்பிடுவதற்கும் கடந்த அரை நூற்றாண்டில் உருவான முறைகளே இந்த அத்தியாயத்தின் பொருள். அவை பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிறந்தவை என்பதால், மலேசியாவின் ரிங்லெட் போன்ற ஒரு மலைத்தோட்ட ஊரின் வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அவற்றுள் எது தாக்குப்பிடிக்கிறது, எது தடுமாறுகிறது என்பது துலங்கும்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு வளைந்து ஏறும் பழைய சாலையில், பேராக் எல்லையைத் தாண்டிப் பகாங் மாநிலத்துக்குள் நுழைந்ததும் முதலில் எதிர்ப்படும் நகரம் ரிங்லெட். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இதன் அருகில்தான் இருக்கிறது. மலையின் பிற தோட்டங்களைப் போலவே இதுவும் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் எழுந்தது. அவர்களோடு வந்த வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலைப் பழக்கம் குளிரும் மழையும் மிகுந்த வேலைநாட்களுக்குத் துணையாகத் தலைமுறைகளைத் தாண்டியும் நீடித்தது, குறிப்பாகப் பெண்களிடம். 1993-94இல் மலேசியா முழுவதும் 11,697 பேரின் வாயைச் சோதித்த தேசிய ஆய்வில், புற்றுநோயும் அதற்கு முந்தைய புண்களும் இந்தியரிடையே மிகுதியாகக் காணப்பட்டன. 1997இல் சுகாதார அமைச்சு தொடங்கிய வாய்ப்புற்றுநோய்த் தடுப்பு, முன்னறிதல் திட்டம் தோட்டங்களைத் தேடிச் சென்றதற்கு இதுவே காரணம். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003இல் கூடிய வல்லுநர் குழுவின் வழியே முடிவு செய்தது.

இந்த நோய்க்கான சிகிச்சை என்ன தருகிறது, என்ன எடுத்துக்கொள்கிறது என்பதை நெருங்கிப் பார்க்காமல் விருப்பத்தைப் பற்றிப் பேச இயலாது. கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ உள்ள கட்டியை, அதைச் சுற்றியுள்ள நலமான தசையில் ஒரு விளிம்போடு சேர்த்து வெட்டி எடுக்கிறார்கள். தாடை எலும்பைத் தொட்டிருந்தால் அதிலும் ஒரு பகுதி போகிறது. காலின் சிற்றெலும்பிலிருந்தோ முன்கைத் தோலிலிருந்தோ எடுத்து ஒட்டி அந்த இடத்தை நிரப்புகிறார்கள். அதன் பிறகு கதிர்வீச்சு தேவைப்பட்டால், வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரங்களுக்கு மேல் நீளும் சிகிச்சை அது. உமிழ்நீர் வற்றும், சுவை மாறும், வாய் திறப்பது சுருங்கும். பாக்கு மெல்லுவதாலேயே கன்னத் தசை நார்போல் இறுகிப்போன ஒருவருக்கு, ஏற்கெனவே இரண்டு விரல் அளவுக்குத் திறக்கும் வாய் மேலும் குறுகிவிடும்.

இவற்றோடு கழுத்தும் சேர்ந்துகொள்கிறது. வாய்ப்புற்றுநோய் முதலில் பரவும் இடம் கழுத்தின் நிணநீர்க் கணுக்கள். அவற்றை அகற்றும் அறுவையின்போது, தோளை உயர்த்தும் தசைக்குச் செல்லும் நரம்பு அந்தப் பாதையிலேயே குறுக்கிடுகிறது. இக்காலத்தில் அந்த நரம்பைக் காப்பாற்றியே அறுவை செய்கிறார்கள் என்றாலும், ஒதுக்கிப் பிடிக்கும்போது இழுபடுவதால் பலருக்கு மாதக் கணக்கில் தோள் தளர்ந்து, கையைத் தலைக்கு மேல் தூக்குவது கடினமாகிறது. மேசையில் அமர்ந்து வேலை செய்பவருக்கு இது ஒரு தொல்லை. சரிவில் நின்று கொழுந்துக் கூடையைத் தோளில் ஏற்றுபவருக்கும், இருவர் இரு முனையைப் பிடித்துச் செடியின் தலைமேல் நகர்த்தும் கொழுந்து வெட்டும் இயந்திரத்தைத் தாங்குபவருக்கும் இது வேலையை விட்டு நிற்பதற்குச் சமம். தோட்டத்து லயத்து வீடு பெரும்பாலும் வேலையோடு சேர்ந்தது என்பதால், தளர்ந்த தோளின் விளைவு குடும்பத்தின் கூரைவரை நீள்கிறது.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் அனில் டிகுரூஸ் தலைமையில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, இங்கே எது எதற்கு ஈடாகிறது என்பதைத் துல்லியமாகக் காட்டுகிறது. வாய்ப்புற்றுநோய் தொடக்க நிலையில் இருந்து, கழுத்தில் கணு எதுவும் தட்டுப்படாதவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு முதல் அறுவையிலேயே கழுத்துக் கணுக்களையும் அகற்றினார்கள். மற்றவர்களைக் கண்காணித்து, கழுத்தில் நோய் தோன்றினால் மட்டும் அகற்றினார்கள். 500 நோயாளிகளின் விவரம் ஆராயப்பட்டபோது, மூன்று ஆண்டுக்குப் பின் முதல் பிரிவில் 80 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 67.5 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தனர். மருத்துவ உலகம் இதைத் தெளிவான தீர்ப்பாக எடுத்துக்கொண்டது, அது நியாயமும்கூட. ஆயினும் பன்னிரண்டரைப் புள்ளி என்பது உயிர்பிழைப்பின் வேறுபாடு மட்டுமே. கழுத்து அறுவையைத் தள்ளிப்போடுபவர் அதற்காக என்ன ஆபத்தை ஏற்கிறார் என்பதை இந்த எண் சொல்கிறது. அந்த ஆபத்தை ஏற்கத்தக்கதாக அவர் கருதுகிறாரா என்பதைச் சொல்ல அதனால் இயலாது.

விருப்பத்தை எண்ணாக்கும் முறைகளுள் பழையது சூதாட்ட முறை. ஜான் வான் நியூமனும் ஆஸ்கார் மோர்கன்ஸ்டெர்னும் 1944இல் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் இதன் வேர் இருக்கிறது. பேச்சும் விழுங்குதலும் குறைந்த ஒரு நிலையில் வாழ்நாள் முழுதும் இருப்பது ஒரு பக்கம். முழு நலம் அல்லது உடனடி மரணம் என்ற இரண்டில் ஒன்றைத் தரும் ஒரு சிகிச்சை மறு பக்கம். நலத்துக்கான வாய்ப்பு எத்தனை விழுக்காடாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று ஒருவர் கருதுகிறாரோ, அதுவே அந்தக் குறைந்த நிலைக்கு அவர் இடும் மதிப்பு: 80 விழுக்காட்டில் அவர் தயங்கி நின்றால் மதிப்பு 0.8. வாய்ப்புக் கணக்கு பலருக்குப் பிடிபடுவதில்லை என்பதால், கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் டோரன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1972இல் காலப் பரிமாற்ற முறையை முன்வைத்தனர். அந்த நிலையில் பத்தாண்டு வாழ்வதற்கு ஈடாக, முழு நலத்துடன் எத்தனை ஆண்டு போதும் என்பதே அதில் கேள்வி. ஏழு ஆண்டு போதும் என்றால் மதிப்பு 0.7. இந்த மதிப்பை வாழும் ஆண்டுகளால் பெருக்கினால் கிடைப்பது தரத்தால் சீரமைத்த வாழ்வாண்டு. ஒரு மருந்துக்கு அரசு பணம் செலவிடலாமா என்று முடிவு செய்யும் அலுவலகங்கள் பல நாடுகளில் இந்த அலகைத்தான் கையாளுகின்றன.

தோட்டத்தில் கோவில் திருவிழாவும் காவடியும் வாழ்வின் அச்சாக உள்ள முதியவர் ஒருவரிடம் ஆயுளில் மூன்று ஆண்டைக் கொடுப்பீர்களா என்று கேட்டால், ஆயுசு நம் கையிலா இருக்கிறது என்ற விடை வருவது இயல்பு. ஆய்வாளர் இத்தகையோரைப் பரிமாற்றம் செய்யாதவர் என்று குறித்துக்கொள்கிறார். கணக்கில் அவருடைய நிலையின் மதிப்பு 1 ஆகிவிடுகிறது, அதாவது அவருக்கு எந்தக் குறையும் இல்லாததுபோல். துன்பத்தை ஏற்றுக்கொண்ட மனத்தையும் துன்பமே இல்லாத உடலையும் ஒரே எண்ணால் குறிக்கும் இந்த இடம், காலப் பரிமாற்ற முறையின் மிகப் பலவீனமான இடம்.

நாடு முழுமைக்குமான மதிப்புகளைத் திரட்டும் முயற்சியும் உண்டு. 1987இல் அமைந்த யூரோகுவால் குழு உருவாக்கிய ஈக்யூ-5டி என்னும் வினாப்பட்டியல் உடல்நிலையை ஐந்து தலைப்பில் சுருக்குகிறது: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல், வழக்கமான அலுவல்கள், வலி அல்லது உபாதை, கவலை அல்லது மனச்சோர்வு. இதன் ஐந்து படிநிலை வடிவத்துக்கு மலேசியாவில் 1,125 பேரிடம் மதிப்புக் கேட்டு 2019இல் முடிவு வெளியானது. இந்தியாவில் 3,548 பேரிடம் கேட்டு 2022இல் வெளியானது. ஐந்து தலைப்பிலும் மிக மோசமான நிலைக்கு மலேசியர் இட்ட மதிப்பு கழித்தல் 0.442, இந்தியர் இட்டது கழித்தல் 0.923. சுழியத்துக்குக் கீழே போவது, அந்த நிலை மரணத்தைவிடக் கொடியது என்று கருதியதைக் குறிக்கிறது. ஒரே நோயுற்ற நிலைக்கு இரு நாட்டார் இவ்வளவு விலகி நிற்கும்போது, ரிங்லெட் தமிழர் எந்த எண்ணுக்கு உரியவர்? மலேசிய மக்கள்தொகையில் இந்தியர் ஏறக்குறைய 7 விழுக்காடு. அந்த விகிதப்படி ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேரைத் தேர்ந்தால் அவர்களுள் தோட்டத்தில் வேலை செய்பவர் விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பர். அதையும்விடப் பெரிய குறை, மெல்லுதல், விழுங்குதல், பேச்சு, முகத்தோற்றம் ஆகியவற்றுக்கு அந்த ஐந்து தலைப்பில் இடமே இல்லை என்பது. வாய்ப்புற்றுநோயின் பெரும் இழப்புகள் வழக்கமான அலுவல்கள் என்ற ஒற்றைச் சொற்றொடருக்குள் ஒடுங்கிவிடுகின்றன.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கென்றே அமைந்த அளவுகோல்கள் இந்தக் குறையை ஓரளவு நிரப்புகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் மார்சி லிஸ்ட் உருவாக்கிய முன்னுரிமைப் பட்டியலில் பன்னிரண்டு வாசகங்கள் உள்ளன: நோய் குணமாவது, முடிந்தவரை நீண்ட நாள் வாழ்வது, வலியின்றி இருப்பது, எல்லா உணவையும் விழுங்குவது, இயல்பாக மெல்லுவது, பேச்சு பிறருக்குப் புரிவது, குரல் மாறாமலிருப்பது, தோற்றம் மாறாமலிருப்பது, வாய் ஈரமாக இருப்பது, சுவையும் மணமும் தெரிவது, உடலில் தெம்பு இருப்பது, வழக்கமான வேலைகளுக்கு விரைவில் திரும்புவது. நோயாளி இவற்றை வரிசைப்படுத்த வேண்டும். 2000இல் வெளியான முடிவில், சிகிச்சை தொடங்கவிருந்த 131 பேரில் 75 விழுக்காட்டினர் குணமாவதை முதலிடத்தில் வைத்தனர். நீண்ட நாள் வாழ்வதை 56 விழுக்காட்டினரும் வலியின்மையை 35 விழுக்காட்டினரும் முதல் மூன்று இடத்துக்குள் வைத்தனர். குரலும் தோற்றமும் மிகவும் பின்தங்கின. பயன்மிக்க கருவிதான். ஆனால் அதன் பன்னிரண்டு வாசகத்தில் தோள் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வாழ்க்கைத்தர வினாப்பட்டியலில் தோளுக்குத் தனிக் கேள்வி இருக்கிறது; அது இப்போது தோள் எப்படி இருக்கிறது என்று கேட்கிறதே தவிர, தோளுக்காக எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்பதில்லை. கேட்கப்படாத ஒன்றுக்கு எந்தக் கருவியும் மதிப்புத் தராது. தொழிலாளியின் உடலுறுப்பு பட்டியலிலேயே இல்லாதபோது, அவர் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதுபோல முடிவு அமைந்துவிடுகிறது.

யாரிடம், எப்போது கேட்கிறோம் என்பதும் விடையை மாற்றுகிறது. பார்பரா மக்நீல் குழுவினர் 1981இல் குரல்வளைப் புற்றுநோய் பற்றி நலமாக இருந்த தீயணைப்பு வீரர்கள், நிறுவன அதிகாரிகள் என 37 பேரிடம் கேட்டபோது, ஐந்தில் ஒருவர் குரலைக் காப்பதற்காக உயிர்பிழைக்கும் வாய்ப்பு குறைந்த கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார். இந்த ஆய்வு பெரும் கவனத்தைப் பெற்றது. ஆனால் விடை சொன்னவர் எவருக்கும் புற்றுநோய் இல்லை. பிரிட்டனில் மாரிஸ் ஸ்லெவின் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஒப்பீட்டில், கடுமையான கீமோ சிகிச்சையை மிகச் சிறிய பயனுக்காகவும் ஏற்க நோயாளிகள் முன்வந்தனர். நோயில்லாதவர்களும், சிகிச்சை தரும் மருத்துவர்களும் செவிலியரும் அந்த அளவுக்கு முன்வரவில்லை. நலமாக இருப்பவர் தொலைவிலிருந்து தள்ளிவிடும் வாழ்க்கையை, அதற்குள் நுழைந்தவர் விடாமல் பற்றிக்கொள்கிறார். ஆகையால் சிகிச்சைக்கு முன்பும், கதிர்வீச்சு முடிந்து வாய் வறண்டு கிடக்கும் வாரங்களிலும், ஓராண்டுக்குப் பிறகும் என்று குறைந்தது மூன்று வேளையில் கேட்காத அளவீட்டை முழுமையானதாகக் கொள்வதற்கில்லை. இந்த மூன்று விடையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அவற்றுள் ஒன்று பொய் என்று ஆகாது; முன்பு கற்பனையில் மட்டும் இருந்த நிலை பின்னர் அனுபவமாகிவிட்டது என்பதே அதன் பொருள்.

கேள்வியின் சொல்லமைப்பும் கைவரிசையைக் காட்டும். அதே மக்நீல், ஏமஸ் டிவெர்ஸ்கி முதலியோருடன் 1982இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட நூறு பேரில் 90 பேர் அறுவையைத் தாண்டுவர், ஓராண்டு முடிவில் 68 பேரும் ஐந்தாண்டு முடிவில் 34 பேரும் உயிரோடிருப்பர். கதிர்வீச்சு பெற்ற நூறு பேரும் சிகிச்சையைத் தாண்டுவர், ஓராண்டில் 77 பேரும் ஐந்தாண்டில் 22 பேரும் இருப்பர். இதே எண்களைப் பிழைப்போர் கணக்காகச் சொன்னபோது 18 விழுக்காட்டினரே கதிர்வீச்சைத் தேர்ந்தனர். இறப்போர் கணக்காகச் சொன்னபோது 44 விழுக்காட்டினர் தேர்ந்தனர். மருத்துவர்களும் இதே போக்கில் மாறினர் என்பது கவலைக்குரியது, ஏனெனில் நோயாளிக்கு எண்ணைச் சொல்பவர்கள் அவர்கள்தான். இரண்டு கணக்கையும் ஒரே தாளில், நூறு உருவங்களை வரைந்து, பிழைப்போரை ஒரு நிறத்திலும் இறப்போரை மற்றொரு நிறத்திலும் காட்டுவது இதற்குக் கண்டறியப்பட்ட மாற்றுகளுள் ஒன்று. விழுக்காடு என்ற சொல்லைப் பள்ளியோடு விட்டுவிட்டவருக்கும், நாள்தோறும் கொழுந்தின் எடையையும் அதற்கான கூலியையும் மனத்துக்குள்ளேயே கணக்கிட்டுப் பழகியவருக்கும் நூறு பேரில் எத்தனை பேர் என்ற கேள்வி தடையின்றி எட்டும்.

இந்தச் சிக்கல்களுக்கு நடுவில் மிகுந்த நம்பிக்கை தருவது தெரிவுப் பரிசோதனை. 1927இல் லூயி தர்ஸ்டன் இரண்டிரண்டாக ஒப்பிடும் முறைக்கு வகுத்த கணிதமும், 2000இல் நோபல் பரிசு பெற்ற டேனியல் மக்பாடன் தெரிவுகளை ஆராய வகுத்த கணிதமும் இதன் அடித்தளம். ஒரு சிகிச்சையைப் பல கூறுகளாகப் பிரித்து, கூறுகளின் அளவை மாற்றி மாற்றி இரண்டு அட்டைகளாக எழுதி, இவற்றுள் எது என்று மட்டும் கேட்பார்கள். ஆயுளைக் கொடு என்று கேட்பதில்லை, சூதாடச் சொல்வதும் இல்லை. பல தடவை கேட்ட விடைகளிலிருந்து, ஒவ்வொரு கூறும் எவ்வளவு கனம் பெற்றது என்பதைக் கணிதம் பிரித்தெடுக்கிறது. ரிங்லெட்டுக்காக ஓர் அட்டை எழுதுவதானால் அதில் மூன்றாண்டு உயிர்பிழைப்பு, கையை எவ்வளவு உயர்த்தலாம், சோறு மெல்லலாமா கஞ்சிதானா என்பவை இருக்க வேண்டும். அவற்றோடு சம்பளமில்லாத மாதங்களும், மலையிறங்க வேண்டிய தடவைகளும் இருந்தே ஆக வேண்டும். தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை மலைவாசிகளுக்கு அருகில்தான். ஆனால் கதிர்வீச்சுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாலம்பூருக்கோ, 2013இல் புத்ராஜெயாவில் திறக்கப்பட்ட தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கோ போனால், ஆறு வாரம் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்க வேண்டும். கண்காணிப்பை மட்டும் தேர்ந்தவருக்கும் அடிக்கடி மலையிறங்கும் கடமை உண்டு. ஒரு தவணை தவறினால், தாமதமாகத் தெரியும் கணுவுக்கு இன்னும் பெரிய கழுத்து அறுவை தேவைப்படலாம். டாட்டா ஆய்வின் பன்னிரண்டரைப் புள்ளியை இப்படிப்பட்ட அட்டைகளில் வைத்துக் கேட்டால்தான், தோளுக்கும் சம்பளத்துக்கும் அது எத்தனை பங்கு என்பது வெளிப்படும்.

சம்பளத்தையும் பயணத்தையும் சேர்ப்பது மருத்துவத்துக்குப் புறம்பானது என்று கருதுவோர் உண்டு. மலேசியா உட்பட எட்டுத் தென்கிழக்காசிய நாடுகளில் 9,513 புற்றுநோயாளிகளை ஓராண்டு பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வு அவர்களுக்கு விடை தருகிறது: அந்த ஓராண்டுக்குள் 29 விழுக்காட்டினர் இறந்தனர், 48 விழுக்காட்டினர் உயிரோடிருந்தும் பணப் பேரிடருக்கு ஆளாயினர். குடும்ப ஆண்டு வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் கைப்பணம் சிகிச்சைக்குப் போவதையே அந்த ஆய்வு பேரிடர் என்று வரையறுத்தது. இதுவும் சிகிச்சையின் விளைவுதான். வாந்தியையும் முடி உதிர்வதையும் எழுதும் தாளில் இதற்கும் ஒரு வரி வேண்டும்.

விடை சொல்பவர் யார் என்ற கேள்வியும் எஞ்சுகிறது. கனடாவின் லெஸ்லி டெக்னரும் ஜெஃப் ஸ்லோனும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், பொதுமக்களில் 64 விழுக்காட்டினர் தமக்குப் புற்றுநோய் வந்தால் சிகிச்சையைத் தாமே தேர்வதாகச் சொன்னார்கள்; புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களில் 59 விழுக்காட்டினரோ முடிவை மருத்துவரிடமே விட விரும்பினர். தோட்டத்துக் குடும்பத்தில் மருத்துவரோடு மூன்றாவது தரப்பும் உண்டு: நகரத்தில் வேலை பார்க்கும் மகனோ மகளோ அறிக்கையை வாங்கிப் படித்து, மலாயிலும் ஆங்கிலத்திலும் மருத்துவரிடம் பேசி, அம்மாவுக்கு எவ்வளவு சொல்வது என்றும் முடிவு செய்கிறார்கள். அதைத் தன்னுரிமை மீறல் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அந்த அம்மாவே, பிள்ளைகள் சொல்வதுபோல் ஆகட்டும் என்பதைத் தம் விருப்பமாகக் கொண்டிருக்கக்கூடும். ஆகவே அட்டைகளைத் தாயிடம் தனியாகவும், பிள்ளைகளிடம் தனியாகவும் காட்டி, பிறகு இருவரையும் சேர்த்து வைத்துக் கேட்க வேண்டும். மகன் ஆயுளுக்கும் தாய் தோளுக்கும் கனம் தருவது தெரிந்தால், அந்த வேறுபாட்டை மருத்துவர் அறிந்திருப்பது அறுவைக்கு முந்தைய பேச்சையே மாற்றும்.

இன்று ரிங்லெட் பக்கத்துச் சரிவுகளில் கொழுந்து வெட்டுவோரில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். தமிழர் பலர் மேற்பார்வைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் மாறிவிட்டனர், இளையோர் மலையிறங்கிவிட்டனர். பாக்கு மெல்லும் பழக்கம் வந்தவர்களிடமும் உண்டு. வேலை அனுமதிக்காக அவர்கள் செய்துகொள்ளும் மருத்துவச் சோதனையில், தகுதியற்றவர் என்று தள்ளும் நோய்களுள் புற்றுநோயும் ஒன்று. தள்ளப்பட்டவர் நாடு திரும்ப வேண்டும். தாங்கக்கூடிய சிகிச்சை ஒன்றுக்கு மேல் இருக்கும்போதுதான் தெரிவுப் பரிசோதனைக்குப் பொருள் உண்டு. வங்க மொழியிலும் நேபாள மொழியிலும் அட்டைகள் எழுதுவதற்கு முன்னால், அந்தத் தொழிலாளியின் முன் வைக்க இரண்டாவது அட்டை ஒன்று இருக்குமாறு சட்டத்தை மாற்ற வேண்டியிருக்கிறது.